நெற்றியில் வைத்த மலை

அக்கா,

இன்று காலை உங்கள் நெற்றிக்காசு நம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது.

மழை சற்று ஓய்ந்திருந்த நேரம். சுடுகாட்டில் வேலை செய்கிறவர், உங்களுக்கு விறகு அடுக்கியவர், மொபெட்டைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நின்றார். உங்கள் காரியத்தன்று அரிசியும் வேட்டியும் வாங்கிக்கொண்டு போனவர்தான். மறுபடி எதற்கு வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கு உறையை எடுத்துப் பிரித்து, உள்ளங்கையில் கவிழ்த்து நீட்டினார். முதலில் பாக்கு வாசனை வந்தது. அதற்கு அடியில் சந்தனம். நான் குழைத்து உங்கள் நெற்றியில் அப்பிய சந்தனம், காசின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் கையில் அந்தச் சின்ன வெள்ளி மலை நிமிர்ந்து நின்றது, உச்சியில் நட்சத்திரத்தோடு.

“டீச்சரம்மா, இது இன்னா காசு?” என்றார்.

“எந்தக் கடையிலயும் போகாத காசு,” என்றேன்.

“அது தெரிஞ்சிபோச்சிம்மா. டீக்கடக்காரன் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஸ்கேன் பண்றாப்பல எதுனா இருந்தா குடுன்றான். அப்பால பாகூர்ல நகைக்கடையில காட்டினேன். வெள்ளிதானாம். உருக்கிடவான்னு கேட்டான்.”

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க வூட்ல தான் வேணான்னுச்சி. மலையும் மேல வெளக்கும் போட்டு இருக்குது, சாமி காசா இருக்கப் போவுது, டீச்சரம்மாகிட்ட இன்னா சாமின்னு கேட்டுக்கினு வான்னு தொரத்தி உட்டுச்சி. சாமி காசுன்னா வூட்ல வெச்சிக்கறோம். இல்லன்னா உருக்கிட வேண்டியதுதான். உங்களுக்கே வேணும்னாலும் எடுத்துக்கங்க, எனக்கு ஒரு ரூவா குடுத்துடுங்க. நெத்திக்காச சும்மா திருப்பிக் குடுக்கக் கூடாது.”

சாயங்காலம் வாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவர் காசைப் பாக்கு உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக் காசு பாக்குத் தூளோடு மொபெட்டில் போகிறது. அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதை உங்களிடம் பேசாமல் முடிவு செய்து எனக்குப் பழக்கமில்லை. பேச நீங்கள் இல்லை, எழுதுகிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நான் படித்த கான்வெண்டிலிருந்து சிஸ்டர்கள் வருகிறார்கள். நான் சேர்த்த பழங்காசுகள் எல்லாவற்றையும் பள்ளிக்கே கொடுத்துவிடப் போகிறேன் என்று நீங்கள் நோயில் படுக்குமுன்பே சொன்னேன் அல்லவா, அதுதான். பிரான்சில் இருக்கிற என் மகளுக்கு இதில் ஆசையில்லை. எனக்கோ கண் மங்கிவிட்டது. மழைக்காலம் வந்தால் ஒவ்வொரு காசாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க இனி என் கைக்குத் தெம்பில்லை. அங்கே கண்ணாடிப் பெட்டி செய்து வைத்துவிட்டார்களாம். நேற்று முழுவதும் தட்டுகளைத் துடைத்து, பெயர்ச் சீட்டுகளைப் புதிதாக எழுதினேன். நடுத் தட்டில் ஆர்கேயஸ் என்கிற மலை பொறித்த காசுகளின் வரிசை: வெறும் மலை, கழுகு உட்கார்ந்த மலை, பலிபீடத்தின் மேல் வைத்த மலை, அதற்குப் பக்கத்தில் ஒரு காலிக் குழி. நட்சத்திரம் இருந்த இடம். பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். நான் அரைகுறையாக எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆக, ஒரு ரூபாய் கொடுத்தால் குழி நிறைந்துவிடும். கொடுக்காமல், அது ஏதோ நாட்டு ராஜாவின் காசு என்று உண்மையை மட்டும் சொல்லி அனுப்பினால் உருகிவிடும். இதற்கு நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள்.

நான் ஏன் மலைக்காசு சேர்த்தேன் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்டதில்லை. நம் குருவிநத்தத்தில் உயரமானது ஆற்றங்கரை. அதை விட்டால் கரும்பு ஏற்றிய லாரி. கான்வெண்டில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மலைகளைப் பழுப்பு நிறத்தில் தடவிப் பார்த்ததோடு சரி. கல்யாணமாகி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உங்கள் கொழுந்தனாரோடு போனபோதுதான் முதன்முதலில் மலை கண்டேன். அவர் இருந்த ஊரில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பிரினீஸ் மலை. பேச ஆளில்லாத நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்ற கிழவரின் தட்டில் ஒரு மலை கிடந்தது, சட்டைப் பொத்தான் அளவில்.

ரோமில் அடித்த காசு இல்லை அது. ரோமர்களின் ஆட்சிக்கு உட்பட்ட கிழக்கு நாடு ஒன்றில், கப்படோசியாவின் சிசேரியா என்ற நகரத்தில் அடித்தது. ஒரு பக்கம் பேரரசரின் முகத்தைப் போட்டே ஆக வேண்டும். மறுபக்கம் அந்தந்த ஊர் தனக்கென்று இருந்ததைப் போட்டுக்கொண்டது. துறைமுகம் இருந்த ஊர் கப்பலைப் போட்டது, கோயில் இருந்த ஊர் கோயிலை. சிசேரியாக்காரர்களிடம் மலை இருந்தது. ஆள்கிறவன் முகம் உன் விருப்பம், முதுகுப் பக்கம் எங்களுடையது என்கிற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. உங்கள் கொழுந்தனார், “இந்தக் காசுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கியிருக்கலாம்,” என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் பழைய கோட்டையே போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை. நடுவில் சுவர் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னது நீங்கள். பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாட்டுக்குத் தண்ணி காட்டிய கையோடு உள்ளே வந்தீர்கள். ஈரக் கையால் தொடக்கூடாது என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தட்டைப் பார்த்தீர்கள்.

“இன்னாடி இது, களத்துல நெல்லு குவிச்சி வெச்சாப்பல கீது.”

“மலைக்கா.”

“எந்தூரு மலை?”

“துருக்கி.”

“அங்க யாரு இருக்கறாங்க நமக்கு?”

“யாரும் இல்லை.”

“பாவம்,” என்றீர்கள். யாரைச் சொன்னீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்ததும் அந்த வாரம்தான். நான் ஒரு நாளும் ஆசிரியையாக இருந்தவளில்லை. பிழை கண்டால் திருத்துவேன், அவ்வளவுதான். உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு ஊரே பிடித்துக்கொண்டது.

அந்த நட்சத்திரக் காசு ரொம்ப நாள் கழித்துத்தான் கிடைத்தது. படங்களில் பார்த்துப் பார்த்து, ஏலங்களில் கேட்டுக் கேட்டுத் தவறவிட்டு, கடைசியில் தபாலில் வந்து சேர்ந்தது. வெள்ளி. தேய்மானம் குறைவு. ஒரு பக்கம் சுருட்டைத் தாடியோடு பேரரசர், மறுபக்கம் மடிப்பு மடிப்பாக மலை, அதன் தலைக்கு மேல் கூரான கதிர்களோடு ஒரு நட்சத்திரம். தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் நீங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள்.

“தோ, திருணாமல தீபம்,” என்றீர்கள்.

“இல்லக்கா. நட்சத்திரம்.”

“நட்சத்திரம் மலை உச்சியில ஒக்காருமா? உங்க கான்வெண்டுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

அது ஆர்கேயஸ் மலை, பனி மூடியது, முன்னொரு காலத்தில் எரிமலையாக இருந்து அடங்கிப்போனது, அங்கிருந்தவர்கள் அந்த மலையையே தெய்வமாகக் கும்பிட்டார்கள், அதன் மேல் ஆணையிட்டார்கள் என்று விளக்கினேன். நீங்கள் கடைசிவரை கேட்டீர்கள். பிறகு விரல் விட்டு எண்ணினீர்கள்.

“மலையே சாமின்ற. எரிஞ்சி அடங்கின மலைன்ற. மேல வெளிச்சம் வேற போட்டிருக்கான். அப்பால திருணாமல இல்லன்ற. இன்னாடி படிச்ச நீ?”

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒன்று போல இருப்பது வேறு, ஒன்றாக இருப்பது வேறு என்பதை அன்றிலிருந்து உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் அதை ஒப்புக்கொள்ளாமலேயே போய்விட்டீர்கள். நான் சரியாகத்தான் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் இப்போது நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. அதுவே பெரிய களைப்பாக இருக்கிறது.

மழைக்காலங்கள்தான் அதிகம் நினைவுக்கு வருகின்றன. பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் நம் வீட்டுச் சுவர் எல்லாம் வேர்க்கும். வெண்கலக் காசு ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி பூத்துவிட்டால் அது புண் மாதிரி, காசையே தின்றுவிடும். ஈரத்தை இழுக்கிற மணிகள் உள்ள சின்னப் பொட்டலங்கள் எனக்கு வேண்டும் என்று தெரிந்ததும், ஊரில் யார் வீட்டில் புதுச் செருப்பு வாங்கினாலும், கைப்பை வாங்கினாலும் நீங்கள் போய் அந்தப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். “தின்னக் கூடாதுன்னு எழுதி இருக்குதாம், பாத்துக்க,” என்று என் மேஜையில் போடுவீர்கள். மணிகள் ஈரத்தில் நிறம் மாறினால் பழைய வாணலியில் போட்டு வறுத்துக் கொடுப்பீர்கள். அந்த வாணலியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று அதன் கைப்பிடியில் நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். சிவப்பு நூல் கட்டியதால் அதற்கும் ஏதோ வேண்டுதல் என்று உங்கள் மருமகள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா வீட்டில் புதையல் இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியதே, நினைவிருக்கிறதா? அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இவை அரிக்கமேட்டில் கிடைத்தவை இல்லை, விலை கொடுத்து வாங்கியவை, ரசீது இருக்கிறது என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சலித்தேன். ஒரு நாள் கரையாம்புத்தூரிலிருந்து ஒருவன் பைக்கில் வந்து, பழைய காசு இருந்தால் நல்ல விலைக்கு எடுப்பேன் என்று நின்றான். நீங்கள் பால் செம்போடு குறுக்கே போனீர்கள். “போடா, எல்லாம் செல்லாத காசு. செல்லும்னா நா ஏன் இன்னும் மாடு கறக்கறேன்?” என்றீர்கள். அவன் போய்விட்டான். என் ரசீதுகளால் ஆகாதது அது.

பிறகு அந்தத் தீபம். உங்கள் வீட்டுக்காரரும் போய், என் வீட்டுக்காரரும் போய், நாம் இருவரும் ஒரே அடுப்பில் சமைக்க ஆரம்பித்திருந்தோம். ஒவ்வொரு கார்த்திகைக்கும், வருகிற வருஷம் நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்பீர்கள். உங்கள் முட்டியை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் எங்கே போவது. டிவியில் மலையைக் காட்டினார்கள். உச்சியில் தீபம் ஏறியதும் வாசலில் அகல் ஏற்ற வேண்டும்; நான் எண்ணெய் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் என் நட்சத்திரக் காசை டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். காசில் மலையின் உச்சிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தீர்கள். திருப்பிப் பார்த்தேன். பேரரசரின் நெற்றியிலும் ஒரு பொட்டு.

“சாமிக்கு வெச்சிட்டு அவர உட்டா கோச்சிக்குவாருல்ல,” என்றீர்கள்.

காசை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பொரி உருண்டையோடு கதவைத் தட்டினீர்கள், திறக்கவில்லை. கொல்லை வழியாக வந்து சமையல்கட்டு ஜன்னலில் தட்டை வைத்துவிட்டு, “ராசா கழுவிக்கினாரா?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நான் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, முள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு மடிப்பில் மட்டும் துளி சிவப்பு தங்கிவிட்டது. அதற்கு மேல் நோண்டினால் வெள்ளியில் கீறல் விழும். விட்டுவிட்டேன். உருண்டையைச் சாப்பிட்டேன். வெல்லப் பாகு முற்றியிருந்தது. அதை மறுநாள் உங்களிடம் சொன்னேன். நாம் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

இந்த ஆவணியில் உங்களை அரியூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவிக்கு மகள் வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடிந்து தலைமாட்டில் கட்டியிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினீர்கள்.

“எனக்கு நெத்தியில ஒரு ரூவா வெக்காத. உன் மலைக்காசு ஒண்ணு வெச்சி உடு.”

“எதுக்கு?”

“அங்க போனா கேப்பாங்கல்ல, இத்தினி வருசம் பக்கத்துல இருந்துட்டு திருணாமலைகூடப் பாக்கலியான்னு. தோ பாருன்னு காட்டுவேன்.”

“அது எந்த மலைன்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்க்கா. பொய் சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும். உன்னாண்டதானே வரணும்.”

அதற்குச் சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாகிவிட்டது. நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினாள்.

எல்லாம் முடிந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, குளிப்பாட்டி, திருநீறு பூசியானதும் யாரோ, “நெத்திக்கு ஒரு ரூவா குடுங்கப்பா,” என்றார்கள். முற்றம் முழுக்க ஆட்கள். எல்லாரும் பையைத் தடவினார்கள். ஒருவரிடமும் காசு இல்லை. எல்லாரிடமும் போன் இருந்தது. “இனிமே நெத்தியிலயும் ஸ்கேன் அட்டதான் ஒட்டணும்,” என்றான் ஒருவன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள். பிறகு உங்கள் மகன் என்னைப் பார்த்தான். அவனைத் தொடர்ந்து எல்லாரும் பார்த்தார்கள். பெட்டி பெட்டியாகக் காசு வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான்.

நான் எழுந்து போனேன். தட்டை இழுத்தேன். பின்னாலேயே வந்த உங்கள் மகன், “சின்னம்மா, தேஞ்சது எதுனா குடுங்க போதும். நல்லத ஏன் வீணாக்கிக்கினு,” என்றான். அவன் நல்ல பிள்ளை. தேய்ந்த காசுகளும் இருக்கத்தான் செய்தன. பாலஸ்தீனத்துக் கெரிசீம் மலை போட்டது ஒன்று, படிக்கட்டு மட்டும் மங்கலாகத் தெரியும், அதைக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீங்கள் கேட்டது மலைக்காசு ஏதோ ஒன்றையா? அந்த மலையை. சொன்னதைச் சொன்னபடி செய்யாதவர்களை நான் வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, சந்தனம் குழைத்து, உங்கள் நெற்றியில் வைத்து அழுத்தினேன். பேரரசர் முகம் உங்கள் தோலைப் பார்த்தபடி கீழே போய்விட்டது. மலை மேலே தெரிந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அது அவ்வளவு சரியாக இருந்தது. ஒரு கிழவி எட்டிப் பார்த்து, “திருணாமல காசா?” என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அழுகை என்று நினைத்திருப்பாள்.

அது உங்களோடு தீயில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் சுடுகாட்டுக்குப் போகிறவர்கள் இல்லையே. அந்தக் காலத்து ரோமர்கள் செத்தவர் வாயில் காசு வைப்பார்கள், அது ஆற்றைக் கடத்திவிடுகிற ஓடக்காரனுக்கு என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் நெற்றிக்காசு கொள்ளி வைக்குமுன் எடுக்கப்பட்டு, விறகு அடுக்குகிறவருக்குப் போகும் என்பது தெரியாது. அது அவருடைய உரிமை. அது அவருடைய காசு.

இவ்வளவும் எழுதிவிட்டு மதியம் கொஞ்சம் படுத்தேன். எழுந்ததும் கடைக்குப் போய், சில்லறை இல்லை என்று சொன்னவனிடம் நின்று வாதாடி ஒரு ரூபாய்க் காசு வாங்கி வந்து முந்தானையில் முடிந்துகொண்டேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும். எனக்கு அந்தக் காசு வேண்டும், அக்கா. அதைத் தட்டில் வைத்து, சிஸ்டர்கள் முன்னால் முழுசாக நீட்ட வேண்டும். சந்தனத்தைக்கூட அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்களும் சொன்னீர்கள் அல்லவா, திருப்பி அனுப்பினால் உன்னிடம்தான் வரும் என்று. அதைச் சாக்காக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

இருட்டுமுன் அவர் வந்தார். நாற்காலி போட்டேன். கொஞ்சம் தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். பாக்கு உறை மாறியிருந்தது. ஒரு சின்ன மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி செய்த வேலை.

“இன்னா சாமிம்மா?”

“துருக்கி நாட்டுல ஒரு மலை. அந்த ஊர்க்காரங்க அதைக் கும்பிட்டாங்க.”

“மேல கோயில் இருக்குதா?”

“இல்லை. மலையேதான் சாமி. அது பேர்ல சத்தியம் பண்ணுவாங்க.”

“திருணாமல மாதிரி.”

ஒன்று போல இருப்பது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவரும் ‘மாதிரி’ என்றுதானே சொன்னார்? திருத்த அதில் ஒன்றும் இல்லை. “மாதிரி,” என்றேன்.

“மேல இருக்கறது வெளக்கா?”

“நட்சத்திரம்.” அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. பிறகு, “ஆனா அது ஒரு காலத்துல எரிஞ்ச மலை,” என்றேன்.

“அப்பறம் இன்னாம்மா,” என்றார். உங்களை அப்படியே எதிரில் உட்கார வைத்தது போல இருந்தது. அவர் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு, என் பக்கம் நீட்டினார். “உங்களுக்கு வேணுமாம்மா? உங்க வூட்டு காசு.”

முந்தானை முடிச்சில் என் கை இருந்தது.

“வேணாம்,” என்றேன். “பெரியவங்க நெத்தியில இருந்து உங்களுக்கு வந்தது. உருக்காதீங்க.”

“சாமின்னு சொல்லிட்டீங்க, எப்படிம்மா உருக்குவேன்? படத்தாண்ட வெச்சிடும் எங்க வூட்ல.”

“புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கற பவுடரும் கூடாது. ஈரத் துணியால துடைக்க வேணாம்.”

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பினார். “பொட்டு வெக்கலாமாம்மா? தீபம் வருதே. அது கேக்கும்.”

மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

“கொஞ்சமா வைக்கச் சொல்லுங்க,” என்றேன்.

அவர் போனபின் காலிக் குழிக்கு எழுதி வைத்திருந்த சீட்டைத் திரும்ப எழுதினேன். சிஸ்டர்கள் கேட்டால் கேட்கட்டும். வெள்ளி, கப்படோசியாவின் சிசேரியா, ஆர்கேயஸ் மலை, உச்சியில் நட்சத்திரம் என்று எழுதி, அதற்குக் கீழே, ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

இந்தத் தீபத்துக்கு டிவியைப் போட்டு ஒரு அகல் மட்டும் ஏற்றுவேன். பொரி உருண்டை பிடிக்கத் தெம்பில்லை. இரண்டு மலையையும் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் காசு இல்லை. ஊர் ஓரத்தில் ஒரு வீட்டில் ஒப்பிட்டுக்கொள்வார்கள், நீங்கள் சொன்ன முடிவுக்குத்தான் வருவார்கள்.

மலைகள் எல்லாம் அடுத்த வாரம் போய்விடும். ஒரு ரூபாய் மட்டும் முந்தானையில் இருக்கிறது. அதை அவிழ்க்கவில்லை. என் முறை வரும்போது முற்றத்தில் யாரும் பையைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம்.